பழைய கட்டிலுக்கு எனாமல் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரைத் திருவிழா நெருங்கினால் மதுரையில் தெருவுக்குத் தெரு வெள்ளையடிப்பு நடக்கும். மிச்சமான எனாமலைப் பழைய தேக்குக் கட்டிலுக்கும் மர பீரோவுக்கும் அடித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் மிஷின் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டாம். எனாமல் மரத்தின் ரேகையை மூடிவிடும். மிஷின் கடைசல் கால்களின் வரியையும் பூவேலையின் முனையையும் மழுக்கிவிடும். வெனீர் என்ற மெல்லிய மரத்தாள் ஒட்டிய பலகை என்றால் ஒரே இழுப்பில் அடிக்கட்டை தெரியும். பழைய பாலிஷைக் கரைத்து எடுத்தாலே போதும். பொறுமை உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யலாம்.

முதலில், பூசியிருப்பது என்ன என்று தெரிய வேண்டும். சட்டத்தின் உள்பக்கம் மெத்திலேட்டட் ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்த சாராயம்) நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்துப் பழுப்பாகப் பஞ்சில் ஏறினால் அது அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷ், மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) இவற்றில் ஒன்று, அதற்குப் பெயிண்ட் ரிமூவர்தான். காஸ்டிக் சோடா தேக்கைக் கறுக்க வைக்கும், அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே எனாமல் அடித்த கட்டிலை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு குழந்தைகளுக்கு விஷம்.

படுக்கையறைச் சாமான்களில் பெரிய தொல்லை எண்ணெய். தலைமாட்டுப் பலகையில் வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் ஊறியிருக்கும். அது காயாத எண்ணெய். மேலே எத்தனை கோட் போட்டாலும் அந்த இடம் மட்டும் பிசுக்காகவே நிற்கும். டர்பன்டைன் நனைத்த துணியால், துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும் வரை துடையுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டின் பசையும் இதற்கே போகும். மண்ணெண்ணெயில் துடைத்தால் அதன் பிசுக்கு மரத்தில் தங்கிவிடும்.

பழைய பூச்சு பிரெஞ்ச் பாலிஷ் என்றால், பிறகு ஸ்பிரிட்டை ஒன்றரை அடிச் சதுரமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மூடாவிட்டால் கரைப்பதற்குள் ஆவியாகிவிடும். மூன்று நிமிடம் கழித்துத் தேங்காய் நாரால் ரேகை ஓடும் திசையில் தேய்த்து, துணியால் வழித்தெடுங்கள். இரும்பு நார் வேண்டாம். உடைந்து தங்கும் துகள் ஈரம் பட்டதும் கரும்புள்ளியாகும். பழைய ஆணியைச் சுற்றியுள்ள கறுப்புக் கறைக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துப் பூசி, இருபது நிமிடம் கழித்து இரண்டு முறை கழுவவும். பிளாஸ்டிக் பாத்திரம், கையுறை அவசியம், அது நஞ்சு. இரண்டு நாள் நிழலில் காய வேண்டும்.

ஆடும் கழுந்துக்கு (துளையில் செருகிய மர முனைக்கு) ஆணி அடிக்காமல், பழைய வஜ்ஜிரப் பசையை வெந்நீர்த் துணியால் துடைத்து, காய்ந்தபின் ஃபெவிகால் இட்டு ஒரு நாள் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். உளுப்பது பெரும்பாலும் மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதிதான், உள்ளே இருக்கும் வைரம் அல்ல. ஓட்டைகளில் சிரிஞ்சால் பூச்சி மருந்து விட்டால் போதும்.

உப்புத்தாள் கையால்தான்: 120, 180, 220 எண் தாள்கள் என்ற வரிசையில். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். மரத்தின் நுண்துளைகளை அடைக்கச் சாக் பவுடரை மட்டும் போட்டால் நாளாவட்டத்தில் வெளுத்து வெள்ளைக் கோடுகளாகும். காவி கலந்து மர நிறத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பாலிஷுக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 140 கிராம் அரக்கு. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டிலில் இரவு முழுக்க ஊறவிட்டு, மல் துணியில் வடிகட்டவும். இரும்பு டப்பாவில் கறுத்துப்போகும். ஆறு மாதம் பழகிய கரைசல் சரியாகக் காயாது. ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டு, காய்கிறதா என்று பாருங்கள். பஞ்சை உள்ளே வைத்துப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் பந்து கட்டுங்கள். சுங்குடித் துணி மெத்தென்று இருந்தாலும் சாயம் ஸ்பிரிட்டில் இறங்கும். அரைமணி இடைவெளியில் மூன்று கோட். ஓர் இரவு விட்டு 320 தாளால் லேசாகத் தடவி, சம பங்கு ஸ்பிரிட் கலந்து இன்னும் நான்கு கோட். ஈரம் காயுமுன் அதே இடத்துக்குத் திரும்பினால் பந்து ஒட்டிப் பிய்க்கும். பந்து வழுக்க ஆளி விதை எண்ணெய் ஒரு சொட்டு விடலாம், நல்லெண்ணெய் சரிவராது.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாலிஷ் பால் போல வெளிறும். சித்திரை உச்சி வெயிலில் பரவுமுன்பே காய்ந்து கோடு விழும். மாசி, பங்குனிக் காலைப் பொழுதுதான் இதற்குத் தோது. வெயிலில் வைத்துச் செய்யாதீர்கள், இணைப்பு விலகும்.

பீரோவின் உள்பக்கத்துக்கு அரக்கு மட்டும் போதும். வார்னிஷ் வாடை துணியில் ஏறும். டிரெஸ்ஸிங் டேபிளின் மேல்பலகைக்கு மட்டும் பி.யு. போடுவதே நல்லது, ஏனென்றால் சென்ட், சானிடைசர், சூடான டம்ளர் மூன்றுமே அரக்கைக் கெடுக்கும்.

இன்னொன்று. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் பிரெஞ்ச் பாலிஷும் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு விதிகளுக்கு உட்பட்டவை. உரிமம் உள்ள கடையில் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குடித்தால் கண்ணும் உயிரும் போகும். பூசும்போது பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

கடைசிக் கோட்டுக்குப் பின் ஒரு வாரம் கழித்தே மெத்தையைப் போடவும். முந்திப் போட்டால் உறையின் நெசவு பாலிஷில் பதிந்துவிடும்.

இப்படிக்கு,
மரவேலை அறிந்த வாசகர்,
செல்லூர், மதுரை.