மருந்தடிக்கிற ஆள் இப்போதைக்கு வேண்டாம்

அன்புக் கண்ணு,

நீ அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். தென்னை ஓலையின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக இருப்பது சுருள் வெள்ளை ஈ இட்ட முட்டைதான், சந்தேகமே இல்லை. இந்தியாவில் இது முதன்முதலாகக் கண்ணில் பட்டது 2016-இல், நம் பொள்ளாச்சிப் பக்கத்தில். அதனால் இதைப் பற்றிப் பேச இந்த ஊர்க்காரிக்கு உரிமை கொஞ்சம் கூடுதல். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், எழுதியே அனுப்புகிறேன்.

மாப்பிள்ளை பேசி வைத்திருக்கும் மருந்தடிக்கிற ஆளை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடு. வேரில் மருந்து கட்டுகிறேன் என்று அவர் சொன்னாராமே, அதுவும் வேண்டாம். அந்த விஷம் மரம் முழுக்க ஏறும், இளநீருக்கும் வரலாம். குழந்தை குடிக்கிற இளநீர் அது.

நீ அதிகம் பயந்திருப்பது இலைகளின் மேல் படிந்திருக்கும் அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான். மேலே உட்கார்ந்திருக்கும் ஈ சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான ஒரு பிசுக்கைக் கீழே சொட்டும். அது விழுகிற கீழ்மட்டை, கொய்யா இலை எல்லாவற்றின் மேலும் கரும்பூசணம் படர்ந்துவிடும். அது இலைக்குள் இறங்காது. மேலே படிந்து வெயிலை மறைக்கும், அதனால் காய்ப்பு கொஞ்சம் குறையலாம், மரம் சாகாது. பார்க்கச் சகிக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, கறுப்பின் மேல் தெளித்துவிடு. வெயிலில் காய்ந்து செதில் செதிலாக உதிரும்போது கறுப்பும் சேர்ந்து வந்துவிடும். வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும், அப்புறம் மாப்பிள்ளை என்னைத்தான் திட்டுவார்.

ஈயைக் குறைக்க, மோட்டாரைப் போட்டு ஓஸில் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சு. மரம் உயரம் இல்லை என்பதால் உனக்கு இது எளிது. மஞ்சள் பிளாஸ்டிக் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்தில் கட்டித் தொங்கவிடு, மஞ்சளைப் பார்த்து வந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் காய்ந்தால் துடைத்துவிட்டுத் திரும்பத் தடவ வேண்டும். கொய்யாவுக்கு மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடிக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குழந்தையின் பூதக்கண்ணாடியை எடுத்து ஓலையின் அடியைப் பார். ஈயின் குஞ்சுகளில் சில கறுத்துப்போய், முதுகில் வட்டமாக ஒரு பொத்தலோடு இருந்தால் உனக்கு நல்ல காலம். என்கார்சியா என்று ஒரு குளவி இருக்கிறது. குளவி என்றதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடாதே, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவுதான், யாரையும் கொட்டாது. வெள்ளை ஈக் குஞ்சின் உடம்புக்குள் முட்டை வைத்து, உள்ளேயே வளர்ந்து, அதன் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கறுத்த குஞ்சு உள்ள ஓலையை வெட்டவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். விஷ மருந்து அடித்தால் இந்தக் குளவியும் சாகும், அப்புறம் தப்பிப் பிழைத்த ஈயைத் தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். இங்கே மருந்தடித்த தோப்புகளில் ஈ திரும்ப வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பூச்சியைப் பூச்சி பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருப்பதா என்று மாப்பிள்ளை கேட்பார். அவரிடம் பப்பாளிக் கதையைச் சொல். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை, எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னக் குளவியை அரசாங்கமே வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பூச்சி அடங்கியது.

மழை பெய்தால் வெள்ளை ஈ தானாகவே குறையும். எங்களுக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். சென்னையில் ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை கொஞ்சம் கைகொடுக்கும், பெரிய மழைக்கு ஐப்பசி வரவேண்டும். இந்தப் பங்குனி, சித்திரையில்தான் பெருகும், அதனால் இப்போதுதான் பொறுமை வேண்டும். தினமும் மரத்தடியில் ஒரு குடம் ஊற்றுவதை விட்டுவிட்டு, ஆறடிக்கு வட்டப்பாத்தி எடுத்து, நாலைந்து நாளைக்கு ஒரு தடவை நன்றாக நனைய விடு. மேலே காய்ந்த மட்டையையும் சருகையும் பரப்பிவை.

கறிவேப்பிலையில் இருக்கும் பச்சைப் புழு பட்டாம்பூச்சியாகப் போவது. செடி ஆளுயரம் வளர்ந்துவிட்டதால் அது தின்னட்டும், உனக்கும் மிஞ்சும்.

மாமா சென்னைக்கு வரும்போது கல்வாழைக் கிழங்கு கொடுத்துவிடுகிறேன். தென்னை ஓரத்தில் வைத்தால் அதிலும் வெள்ளை ஈ வரும், அதைத் தேடிக் குளவியும் வந்து பெருகும் என்று தோட்டக்கலைக்காரர்கள் சொல்கிறார்கள். சாக்கில் சுற்றித் தருவேன், வந்ததும் பிரித்து நிழலில் வை.

பப்பாளிப் படம் ஆடிப்போயிருக்கிறது. இலையின் பின்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்துத் திரும்ப அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா