ரிப்போர்ட் அடித்துத் தூக்கிய ஐடி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறோம். இது அப்படித் தாவக்கூடாத விஷயம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். இணையத்தில் மாதக்கணக்கில் உன்னோடு கடவுள் விஷயத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரின் கணக்கு முடங்கிவிட்டது. "எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் அடிச்சோம், ஐடியத் தூக்கிட்டாங்கம்மா" என்று எழுதியிருந்தாய். கீழே உன் நண்பர்கள் வரிசையாக வாழ்த்தியிருந்தார்கள். நான் பதில் போடவில்லை. வாழ்த்த மனசு வரவில்லை.

நீ வாதாடுவது எனக்குப் பிடிக்கும். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, உனக்கு இல்லை. அதை நாம் இருவரும் சண்டை போட்டு, அழுது, சமாதானமாகி, எப்போதோ கடந்து வந்துவிட்டோம். நீ எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறேன். சில நாள் நீ கேட்ட கேள்வி இரவு முழுக்க என்னைத் தூங்க விடுவதில்லை. அதனால் அம்மாவுக்கு மதம் புண்பட்டுவிட்டது, அதுதான் இந்தக் கடிதம் என்று நினைத்துவிடாதே. நீ என் பக்கத்து ஆளாக இருந்து, ஒரு நாத்திகரின் கணக்கை இப்படி முடக்கியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

அந்த மனிதர் எழுதியதையும் கூடவே படித்துக்கொண்டுதான் வந்தேன். கிண்டல் இருந்தது. ஆத்திரம் இருந்தது. சாமி கும்பிடாதவனுக்கு ஒழுக்கம் ஏது என்கிற மாதிரி, கேட்டால் எரிச்சல் வரும் பேச்சும் இருந்தது. ஆனால் ஒரு மிரட்டல்கூட இல்லை. யாருடைய வீட்டு முகவரியையும் போட்டு ஆள் ஏவவில்லை. வாதத்தில் அவர் உன்னை மடக்கிய இடங்களும் உண்டு, நீ அவரை மடக்கிய இடங்களும் உண்டு. அப்படி ஒருவரைக் கூட்டம் சேர்த்து வெளியே தள்ளியதை வெற்றி என்று நீ சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர் என்கிற பெண்ணைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச் என்று ஒரு சின்ன சபை. அவளுடைய தாத்தா ஆரம்பித்தது, ஆட்களும் பெரும்பாலும் அவர்கள் குடும்பம்தான். போரில் இறந்த சிப்பாய்களின் இறுதிச் சடங்குக்கு வெளியே போய் நின்றுகொண்டு, ஓரினச்சேர்க்கையாளர்களைச் சகித்துக்கொண்ட நாட்டுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று பதாகை பிடிப்பார்கள். ஐந்து வயதிலேயே அவள் கையில் பதாகையைக் கொடுத்துவிட்டார்கள். வளர்ந்ததும் சபையின் குரலாக ட்விட்டருக்கு வந்தாள். அவள் எழுதியதை இன்றைக்குப் படித்தாலும் வயிறு எரியும். உன்னோடு மோதியவர் எழுதியதெல்லாம் அதற்குப் பக்கத்திலேயே வராது.

அங்கே டேவிட் அபிட்பால் என்கிற யூதர் அவளிடம் வாதாட வந்தார். முதலில் இரண்டு பக்கமும் குத்தல்தான். போகப் போக இருவரும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள், ஓரினச்சேர்க்கையாளருக்கு மரண தண்டனை வேண்டும் என்ற அவர்களுடைய பதாகையைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்களில் பாவம் செய்யாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு சொன்னாரே, அதை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். மேகனின் அம்மாவுக்கே திருமணத்துக்கு வெளியே ஒரு பிள்ளை உண்டே, பாவம் செய்தவரைக் கொன்றுவிட்டால் மனம் திரும்ப வழி ஏது என்றும் கேட்டார். அவளிடம் பதில் இல்லை. அந்தப் பதாகையை அதற்குப் பிறகு அவளால் பிடிக்க முடியவில்லை. ஒரே ஒரு முரண்பாடுதான், ஆனால் அதுதான் முதல் விரிசல். 2012 நவம்பரில் தங்கையோடு குடும்பத்தையும் சபையையும் விட்டு வெளியேறினாள்.

இதில் நீ ஒன்றைக் கவனிக்க வேண்டும். அபிட்பால் அவளுடைய வேதத்தைக் கேலி செய்து ஜெயிக்கவில்லை. அவள் எதை நம்பினாளோ அதற்குள்ளேயே போய், அங்கே இருந்து கேட்டார். அதற்கு அந்த வேதத்தை அவரும் படித்திருக்க வேண்டியிருந்தது. உன் நண்பர்களில் எத்தனை பேர் எதிராளியின் நூலைப் புரட்டியாவது பார்த்திருப்பார்கள்? சரி, அது கிடக்கட்டும். அவள் ட்விட்டருக்கு வந்த முதல் மாதமே கூட்டமாக ரிப்போர்ட் அடித்துத் துரத்தியிருந்தால், துரத்தியவர்களை எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், பாராட்டித்தான் இருப்பார்கள். அந்தக் கேள்வி மட்டும் அவள் காதில் விழுந்தே இருக்காது.

ரிப்போர்ட் அடிப்பது எப்படி வேலை செய்கிறது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எத்தனை பேர் புகார் செய்தாலும் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதில்லை என்றுதான் நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனாலும் நூறு பேர் புகார் செய்தால் அந்தப் பதிவு பரிசீலனைக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. அங்கே முதலில் பார்ப்பது பெரும்பாலும் இயந்திரம். ஒருவன் வசவுச் சொல்லை எழுதுகிறானா, அடுத்தவன் எழுதியதை மேற்கோள் காட்டிக் கண்டிக்கிறானா என்கிற வித்தியாசம் அதற்குப் பல சமயம் பிடிபடுவதில்லை. மனிதர் பார்த்தாலும் ஒரு பதிவுக்குச் சில நொடிதான். அதுவும் அவருக்கு அந்த மொழி தெரிந்திருந்தால்.

2016 செப்டம்பரில் நடந்ததை நினைத்துப் பார். 1972-இல் வியட்நாமில் நாபாம் குண்டுத் தீயிலிருந்து ஆடையில்லாமல் ஓடிவரும் சிறுமியின் படம், உலகமே அறிந்த படம். போர்ப் படங்களைப் பற்றி ஒரு நார்வே எழுத்தாளர் எழுதி, அதில் இதையும் போட்டார். குழந்தையின் நிர்வாணம் என்று ஃபேஸ்புக் நீக்கியது. எதிர்த்து எழுதிய ஆஃப்டன்போஸ்டன் நாளிதழின் பதிவையும் நீக்கியது. கடைசியில் அந்த நாட்டுப் பிரதமர் எர்னா சோல்பெர்க் போட்டதையும் நீக்கியது. உலகம் முழுக்கச் சத்தம் வந்த பிறகுதான் முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு யூடியூப் தீவிரவாத வீடியோக்களைப் பிடிக்க இயந்திரத்தை முடுக்கிவிட்டபோது, சிரியாவில் மக்கள் உயிரைப் பணயம் வைத்துப் படம்பிடித்த போர்க்குற்றச் சாட்சியங்களும் சேர்ந்தே காணாமல் போயின. கொன்றவன் போட்டது எது, கொலையைப் பதிவு செய்தவன் போட்டது எது என்று அதற்குத் தெரியவில்லை. பிரதமருக்கே இந்தக் கதி என்றால், பேர் தெரியாத உனக்கோ அந்த மனிதருக்கோ என்ன நியாயம் கிடைக்கும்?

இணையம் தணிக்கையை ஒரு பழுதாக எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிப் போய்விடும் என்று இணையச் சுதந்திரத்துக்காகப் பாடுபட்ட ஜான் கில்மோர் சொன்னதை உன் நண்பர் ஒருவர் மேற்கோள் காட்டியிருந்தார். கில்மோர் அதைச் சொன்னது 1993-இல். அப்போது யூஸ்நெட் என்கிற பழைய விவாத வலையமைப்பில் போட்ட செய்தி ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதியாகிப் போய்க்கொண்டே இருக்கும், ஒருவர் தடுத்தாலும் வேறு வழியாக வந்து சேரும். இன்றைக்கு நீங்கள் இருவரும் பேசியது ஒரே நிறுவனத்தின் சர்வரில். அந்த நிறுவனம் கதவைச் சாத்தினால் சுற்றிப் போக வழியே கிடையாது. அவர் உன்னோடு பேசிய அத்தனையும், நீ அவருக்கு எழுதிய நல்ல பதில்களின் பாதி அர்த்தமும் ஒரே சொடுக்கில் போய்விட்டது. இப்போது அந்த இழையைத் திறந்தால் நீ காற்றோடு சண்டை போட்ட மாதிரி இருக்கிறது.

தணிக்கையை எதிர்த்து நீ எவ்வளவு எழுதியிருக்கிறாய்! ரோமின் கத்தோலிக்கத் திருச்சபை போட்ட தடைநூல் பட்டியலைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். 1559-இல் தொடங்கி 1966 வரை நீடித்த பட்டியல், பூமி சுற்றுகிறது என்று எழுதிய கோப்பர்நிக்கஸின் நூல் 1616-இல் முடக்கப்பட்டு, 1835-இல்தான் பட்டியலிலிருந்து விடுபட்டது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாயே. அந்தப் பட்டியல் போட்டவர்களும் தாங்கள் கெட்டதைத் தடுப்பதாகத்தான் மனதார நம்பினார்கள். உன் குழுவில் இப்போது "அடுத்து இவன்" என்று ஒரு பட்டியல் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பட்டியலிலிருந்து நீ விலகிவிடு ப்பா. அம்மா கெஞ்சிக் கேட்கிறேன்.

என் பயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதத்தைக் கேள்வி கேட்டு இணையத்தில் எழுதிய அவிஜித் ராயை 2015 பிப்ரவரி 26 அன்று டாக்காவில் புத்தகக் கண்காட்சியை விட்டு வெளியே வந்தபோது வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்த அவர் மனைவிக்கும் வெட்டு. 2017 ஏப்ரலில் பாகிஸ்தானின் மர்தானில் மஷால் கான் என்கிற கல்லூரி மாணவனை, அவன் இணையத்தில் மதத்தைப் பழித்தான் என்று கிளம்பிய வதந்தியை நம்பி, கூடப் படித்தவர்களே அடித்துக் கொன்றார்கள். விசாரணையில் அவன் பழித்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. அவனுக்கும் ஒரு அம்மா இருந்தாள். உன் பெயரை யாராவது ஒரு குழுவில் போட்டு "இவனைப் பாருங்கள்" என்று எழுதும் நாளை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. அதற்காக எழுதாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டம் சேர்த்து ஒரு ஆளைக் குறிவைக்கும் பழக்கத்தை நம் பக்கத்திலிருந்து வளர்த்துவிட வேண்டாம். நீ ரிப்போர்ட்டோடு நின்றாய் என்பது உண்மைதான். உன் கூட்டத்தில் இருக்கும் எல்லோரும் அதோடு நிற்பார்கள் என்று உன்னால் உத்தரவாதம் தர முடியுமா?

எதையுமே நீக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொலை மிரட்டல், பிறர் முகவரியை வெளியிடுவது, குழந்தைகளைச் சீரழிக்கும் படம், இன்ன இனத்தவரை அடி என்று ஆள் திரட்டுவது, இவற்றைப் பார்த்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் புகார் செய். மியான்மரில் ரோஹிங்யாக்களுக்கு எதிராக வெறுப்பைப் பரப்ப ஃபேஸ்புக்கைப் பயன்படுத்தினார்கள். 2015 தொடக்கத்தில் அந்த நிறுவனத்தில் பர்மிய மொழி படித்துப் பரிசீலிக்க இரண்டே பேர்தான் இருந்தார்கள் என்று ராய்ட்டர்ஸ் பின்னால் எழுதியது. தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அங்கே நீக்காமல் விட்டதுதான் பாவம். இப்படி உண்மையான ஆபத்தைப் பார்க்க வேண்டிய கண்கள், கடவுள் உண்டா இல்லையா என்கிற சண்டையில் நீங்கள் கூட்டமாகக் குவித்த புகார்களைப் பார்த்துக்கொண்டிருப்பது சரியா என்று மட்டும் யோசி.

உனக்குச் சலிப்பு வருவதும் எனக்குப் புரிகிறது. ஒரு பொய்யை மறுக்க, அதைச் சொல்ல ஆகும் உழைப்பைவிடப் பல மடங்கு ஆகும் என்று ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி என்கிற இத்தாலியர் 2013-இல் எழுதினார். அனுபவப்பட்ட யாரும் அதை மறுக்க மாட்டார்கள். சலித்தால் பதில் போடாமல் விடு. மியூட் செய். பிளாக்கூடச் செய், அது உன் வாசல், உன் உரிமை. அவர் ஊருக்கே பேசக் கூடாது என்று வாயை அடைப்பது வேறு. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், சமயவாதிகளே, முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுங்கள் என்று அழைக்கிறான், பகைவரானாலும் அவரோடு சினமும் பூசலும் வேண்டாம், விலகிப் போங்கள் என்றும் சொல்கிறான். விலகத்தான் சொன்னான். எதிராளியை மேடையிலிருந்து இறக்கச் சொல்லவில்லை.

முடக்கப்படுவதற்கு முன்னால் அவர் கடைசியாக உன்னிடம் கேட்டது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் உன்னிடம் வந்து, என் பிள்ளை எங்கே போனான் என்று கேட்டால், என்ன சொல்வாய் தம்பி?" என்று கேட்டிருந்தார். அதற்கு முன்னால் எழுதிய பத்திலும் கிண்டல் இருந்தது, இதில் இல்லை. நீ பதில் எழுதுவாய் என்று நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அதற்குள் கணக்கே போய்விட்டது.

உன்னால் முடிந்தால் மூன்று காரியம் செய். உன் குழுவில் இந்தப் பட்டியல் வேலையை நிறுத்தச் சொல்லி உன் பேரிலேயே எழுது. அவர் மேல்முறையீடு செய்தால், அவர் மிரட்டல் எதுவும் விடுக்கவில்லை என்று எதிர்த்து வாதாடிய நீயே பகிரங்கமாகச் சொல். அவர் கேட்டதை மறுபடி எடுத்துப் போட்டு, யோசித்து ஒரு பதிலும் எழுது. எனக்குச் சம்மதமான பதிலாக அது இருக்க வேண்டியதில்லை. அவர் திரும்பி வராவிட்டாலும் நான் படிப்பேன், அந்தக் கேள்விக்கு நீ என்ன சொல்வாய் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா