திண்ணை செட்டுக்கு ஒரு நன்றி மடல்

திண்ணையில் கூடிப் பழைய சினிமாப் புதிர் போடும் நம் வீரவநல்லூர் செட்டில் உள்ள அத்தனை பேருக்கும்,

போன மாதம் பதினோரு நாள் உங்கள் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தேன். சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் அண்ணாச்சியின் வெடித்த குதிகால், டீச்சர் மதினியின் மெட்டி, தறியை விட்டு நேரே ஓடிவரும் தம்பியின் கால்விரலில் ஒட்டியிருந்த சிவப்பு நூல். யார் வந்திருக்கிறீர்கள் என்று அதை வைத்தே தெரிந்துகொண்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயுவை நிரப்பி அனுப்பினார்கள். வாயுக் குமிழ் எப்போதும் மேலே ஏறப் பார்க்கும். முகம் தரையைப் பார்த்திருந்தால்தான் அது கண்ணின் பின்பக்கம் போய் விழித்திரையை அழுத்திப் பிடிக்குமாம். அதனால் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குனிந்தபடியே. டிவி இல்லை, பேப்பர் இல்லை. முதல் இரண்டு நாள் பத்தமடைப் பாயின் கோரையை எண்ணிக்கொண்டு கிடந்தேன். பார்வை திரும்பி வருமா என்ற பயம் ராத்திரியில் நெஞ்சை அடைத்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். பாயோரம் உட்கார்ந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. "1936. டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. சொல்லும் வே" என்றார். குறிப்பை வைத்துப் படத்தின் பேரைச் சொல்லும் நம் ஆட்டம்தான்.

அமெரிக்காக்காரர் எல்லிஸ் ஆர். டங்கன் என்பது உடனே வந்துவிட்டது. ஆனால் அந்த வருஷம் டங்கன் படம் ஒன்று மட்டுமா வந்தது? அடுத்த குறிப்பு கேட்டேன். "அதில் போலீஸ் இன்ஸ்பெக்டரா சின்ன வேஷத்தில் வந்தவர் பின்னாளில் முதலமைச்சர்." சதி லீலாவதி! எம்.ஜி.ஆருக்கு முதல் படம். பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டே கத்தினேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி பதறி ஓடி வந்தாள். டி. எஸ். பாலையாவும் அதில்தான் அறிமுகம், நம்ம ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆள் என்று டீச்சர் மதினி வாசலில் இருந்தே சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு ஆட்டம். முதல் குறிப்பில் சொன்னால் மூன்று மார்க், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. நோட்டில் கணக்கு எழுதிய என் பேத்திக்கும் நன்றி. யாருக்கும் அரை மார்க்கூடக் கூட்டிப் போடாத பிள்ளை அது.

அண்ணாச்சியின் கேள்விகளே தனி. நாம் எல்லாம் திரையைப் பார்த்தவர்கள்; அவர் மிஷின் ரூமில் நின்று புரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி மாற்றிக்கொண்டே பார்த்தவர். "கறுப்பு வெள்ளையில் ஓடிக்கிட்டிருந்த படம் பாதியில் கலரா மாறுது. கொட்டகை முழுக்க விசில். எந்தப் படம்?" 1958-இல் வந்த நாடோடி மன்னன். டூரிங் டாக்கீஸில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிய கதையை அவர் சொன்னபோது, மூடிய கண்ணுக்குள் அந்தக் கலர் எனக்குத் தெரிந்தது. பொய் இல்லை.

தறிக்காரத் தம்பிக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அவன் ஏழாம் நாள் செய்ததை நான் மறக்க மாட்டேன். போனில் ஒரு பாட்டைப் போட்டு, பாடும் குரல் வருவதற்குள் நிறுத்திவிட்டான். வெறும் நாகஸ்வரம், ஆபேரி ராகம். "மாமா, படம் பேரு வேண்டாம். இதை வாசிச்சவர் ஊரு நம்ம ரயில் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டான். திருநெல்வேலியில் இருந்து வரும்போது நமக்கு முந்தின ஸ்டேஷன், காருகுறிச்சி! அருணாசலம் வாசித்து எஸ். ஜானகி பாடிய 'சிங்கார வேலனே தேவா', 1962-இல் வந்த கொஞ்சும் சலங்கை. இசையமைத்த எஸ். எம். சுப்பையா நாயுடு கடையநல்லூர்க்காரர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அப்புறம் முழுப் பாட்டையும் போடச் சொன்னேன். ஜானகி குரலும் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் இடத்தில் அறையில் ஒருவரும் பேசவில்லை. பாயில் இரண்டு சொட்டு விழுந்தது. கண்ணில் ஈரம் படக்கூடாதே என்று மதினி தன் முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தார். மதினி, அதற்கு எப்படி நன்றி சொல்ல?

கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தை, உறிஞ்சுகுழல் தேடி அம்பாசமுத்திரம் வரை போய்வந்த அவர் மகன், மழையன்றும் வராமல் இருக்காத மற்ற எல்லோருக்கும் என் வணக்கம்.

பன்னிரண்டாம் நாள் தலையை நிமிர்த்தலாம் என்றார் டாக்டர். குமிழின் விளிம்பு பார்வையில் தண்ணீர் மட்டம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே முதலில் தெரிந்தது அண்ணாச்சியின் முகம். பதினோரு நாளாக அவர் சவரம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.

நோட்டுப்படி மதினி 52, அண்ணாச்சி 49, நான் 47. தம்பியின் நாகஸ்வரக் கேள்விக்கு எனக்கு மூன்று மார்க்கா இரண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எல்லோரும் வந்துவிடுங்கள். இந்த முறை திண்ணையில், நேருக்கு நேர் உட்கார்ந்து.