சாமி கண்ணைக் குத்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆன்மிகப் பக்கத்தை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவள் நான். கல்யாணத் தடைக்கு எந்தக் கோயில், கடன் தீர எத்தனை விளக்கு என்றெல்லாம் வருகிறது. அந்தச் சாமி எப்படிப்பட்டவர் என்று மட்டும் ஒரு வரி வந்ததாக நினைவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் ஏழு வயதுப் பேத்தி பூஜை அலமாரியின் திரையை இழுத்து மூடிவிட்டு, நைவேத்தியத்துக்கு வைத்திருந்த சுண்டலில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏண்டி திரையை மூடினே?"

"சாமி பார்த்தா கண்ணைக் குத்திடும் பாட்டி."

மாடிவீட்டு அம்மாள் சொல்லிக் கொடுத்ததாம். அப்போது சிரித்துவிட்டேன். ராத்திரி நினைத்துப் பார்த்தால் திக்கென்றது. பயந்து பயந்து குழந்தை கற்றுக்கொண்டது திரை போடுவதை!

பெரியவர்கள் மட்டும் என்ன? உண்டியலில் போட்டுவிட்டால், குடியிருந்தவரின் அட்வான்ஸைத் திருப்பித் தராததைச் சாமி கண்டுகொள்ளாது என்று நம்புகிறவர்கள் உண்டு. கண்ணைக் குத்துகிறவர் என்று நினைத்துவிட்டால், அடுத்து அவரைச் சரிக்கட்டத்தானே தோன்றும்?

எங்கள் மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் வள்ளுவருக்கே கோயில் இருக்கிறது. கடவுள் வாழ்த்தின் 4-ஆவது குறளில் அவர் 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்கிறார். விருப்பு வெறுப்பு இல்லாதவன். இன்றைக்கு வேண்டுதல் என்றாலே நமக்கு மொட்டையும் மாவிளக்கும்தான் ஞாபகம் வருகிறது. (குறை சொல்லவில்லை, நானும் பிள்ளைக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டவள்தான்.) 9-ஆவது குறளில் 'எண்குணத்தான்'. அந்த எட்டுக் குணங்களையும் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் சைவ ஆகமத்திலிருந்து எடுத்துச் சொல்கிறார்: தன்வயத்தனாதல் (யாருக்கும் கட்டுப்படாதிருத்தல்), முற்றும் உணர்தல், பேரருள் உடைமை என்று போகிறது. பட்டியலில் கோபம் இல்லை. முற்றும் உணர்கிறவருக்கு முன்னால் திரை என்ன செய்யும்? பேரருள் உடையவர் ஒரு பிடி சுண்டலுக்காகக் குழந்தையின் கண்ணைக் குத்துவாரா?

மாடிவீட்டு அம்மாள் லேசில் விடவில்லை. "கபாலீஸ்வரர் கோயில் புன்னைமரத்தடியில் அம்பாள் மயிலாக நிற்கிறாளே, அது சாபம்தானே?" என்றார். நியாயமான கேள்வி. சிவன் உபதேசித்தபோது அம்பாளுக்கு மயிலாட்டத்தில் கவனம் போனதற்குச் சாபம் என்றுதான் தலபுராணம் சொல்கிறது. அதே மயில் இங்கே வந்து பூசித்து அவரையே அடைந்ததையும் குழந்தைக்குச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு முழுச் சமாதானமில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும்தான்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் கடவுள் வாழ்த்தின் 10 குறளையும், வாரத்துக்கு ஒன்றாக, பயமுறுத்தாமல் யாரையாவது எழுதச் சொல்லுங்களேன். பரிகாரத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

பேத்தியிடம், "பசிச்சா கேட்டுச் சாப்பிடு, சாமி கோவிச்சுக்காது" என்று சொல்லி வைத்தேன். இந்த வெள்ளிக்கிழமை திரை திறந்தே இருந்தது. சுண்டலில் ஒரு பிடி குறைந்தும் இருந்தது.

இப்படிக்கு,
மயிலை வாசகி,
சென்னை - 4