வரிக்கு மட்டும்தான் சொத்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என்.எஃப்.டி. எனும் டிஜிட்டல் சேகரிப்புப் படங்களை விற்று வரும் லாபத்துக்கு 2022 முதல் 30 சதவீத வரி. ஒன்றில் நட்டம் வந்தால் இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. வசூலில் இவ்வளவு கறார்! வாங்கியவருக்கு என்ன உரிமை என்பதில்தான் குழப்பம். காசு கொடுத்தவர் படமே தன்னுடையது என்று நினைக்கிறார். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காமல் பதிப்புரிமை கைமாறாது. வாங்கியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் டிஜிட்டல் பேரேட்டில் ஒரு பதிவும், படம் இருக்கும் இடத்தைக் காட்டும் இணையச் சுட்டியும்தான். படம் இருக்கும் சர்வரை மூடிவிட்டால்? பட்டா இருக்கும், நிலம் இருக்காது. என்.எஃப்.டி. போலவே டிஜிட்டல் பேரேட்டில் பதிவாகும் கிரிப்டோ நாணயம் சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது ஆறுதல். விற்பவர் எந்தெந்த உரிமைகளைத் தருகிறார் என்பதை விற்பனைப் பக்கத்திலேயே, தமிழிலும், அறிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை