கொடிப் படம் சரி, ரபி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஈவோ ஜிமா தீவில் நடந்த சண்டை பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். மலை உச்சியில் அமெரிக்க வீரர்கள் கொடி நடும் படம் வழக்கம்போல அரைப் பக்கம். சரி, ஆனால் ரபி ரோலண்ட் கிட்டல்சனுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம். அமெரிக்க மரைன் படைக்கு வந்த முதல் யூத மதகுரு அவர். போரே கூடாது என்று பேசிக்கொண்டிருந்தவர், அப்புறம் 5ஆவது டிவிஷனோடு அந்தத் தீவுக்கே போனார்.

1945 மார்ச்சில், அங்கே செத்த டிவிஷன் வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் நினைவு வழிபாடு. எல்லா மதத்தாருக்கும் பொதுவான உரையை கிட்டல்சனே ஆற்றட்டும் என்றார் தலைமை மதகுரு வாரன் கத்ரியல், அவர் புராட்டஸ்டண்ட். சிலுவைகளுக்கு முன்னால் யூதர் பிரசங்கம் செய்வதா என்று மற்ற கிறிஸ்தவ மதகுருக்களில் பலர் முறுக்கிக்கொண்டார்கள். கத்ரியல் அசையவில்லை, அவருக்குச் சங்கடம் வேண்டாமென்று கிட்டல்சன்தான் ஒதுங்கினார். கடைசியில் புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கர், யூதர் என்று வழிபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள், செத்தவர்கள் மட்டும் ஒரே மண்ணில்!

யூதர் வழிபாட்டில் சின்னக் கூட்டம்தான். கறுப்பர், வெள்ளையர், ஏழை, பணக்காரர் எல்லாரும் சேர்ந்து கிடக்கும் இந்த இடத்தில் பாகுபாடு இல்லை, வெறுப்பு இல்லை, இதுதான் உண்மையான ஜனநாயகம் என்று கிட்டல்சன் பேசினார். தங்கள் வழிபாட்டைப் புறக்கணித்துவிட்டு அங்கே வந்து நின்ற மூன்று புராட்டஸ்டண்ட் மதகுருக்களில் ஒருவர் அந்த உரையை வாங்கிப் பிரதியெடுத்துக் கொடுக்க, வீரர்கள் அதை வீட்டுக்குத் தபாலில் அனுப்ப, டைம் பத்திரிகைவரை போய்விட்டது. தடுக்கப் பார்த்திராவிட்டால் இந்த உரை யார் காதிலாவது விழுந்திருக்குமா என்று கிட்டல்சனே பின்னாளில் கேட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அதைத் தமிழில் முழுதாகப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், கும்பகோணம்