எடுத்த நாள் தெரியாத ஸ்கேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவத்தில் மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையை என்.ஐ.சி.யூ. என்ற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு வெளியே நிற்கும் உறவினர்கள், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முதலில் கேட்பது, 'தலைக்கு ஸ்கேன் எடுத்தாச்சா?' என்பதுதான். என்ன ஸ்கேன், பிறந்து எத்தனையாவது நாள் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதுதான்.

ஆக்சிஜன் குறைந்ததும் மூளைச் செல்கள் ஒரே நேரத்தில் செத்துவிடுவதில்லை. சற்றுத் தெளிந்ததுபோல் இருந்துவிட்டு, சில மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்றாகச் சரியத் தொடங்கும். அதனால் முதல் நாள் எடுத்த படம் நார்மலாக வந்தால் அதை நம்பி நிம்மதி அடைய முடியாது. எம்.ஆர்.ஐ.யில் 'டிஃப்யூஷன்' என்ற படவரிசைதான் பாதிப்பை முதலில் காட்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு தெரிய ஆரம்பித்து, 3 முதல் 5 நாளில் நன்றாகத் தெரியும். ஒரு வாரம் தாண்டினால் சேதம் அப்படியே இருக்க, படம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதுபோல் தோன்றும். வழக்கமான டி1, டி2 படங்களிலோ முதல் வாரக் கடைசியில்தான் மாற்றம் தெளிவாகும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பது 4 முதல் 7 நாளுக்குள். 'தீட்டுக் கழியட்டும், அஷ்டமி நவமி போகட்டும்' என்று பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போட்டால், டிஃப்யூஷன் காட்டக்கூடியது போயே போய்விடும்.

அதே சமயம், முதல் நாள் சிகிச்சையை ஸ்கேனுக்காக நிறுத்தி வைக்கவும் கூடாது. மூளைச் சேதத்தைக் குறைக்கக் கொடுக்கும் குளிரூட்டும் சிகிச்சை என்றால், பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைக்க வேண்டும். அந்த முடிவை எடுப்பது தொப்புள் கொடி ரத்தப் பரிசோதனை, குழந்தையின் விழிப்பு நிலை, தசை இறுக்கம், வலிப்பு இவற்றை வைத்துத்தான். (அந்தச் சிகிச்சையே நம் பக்கத்துக்குப் பொருந்துமா என்பது தனி வழக்கு. 2021-இல் வெளியான ஆய்வில், இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் சேர்ந்த 408 குழந்தைகளிடம் அது பலன் தரவில்லை, இறப்பும் கூடியது.)

உச்சிக்குழி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டைக் குழந்தையின் படுக்கையருகிலேயே எடுக்கலாம், கதிர்வீச்சும் கிடையாது. குறைமாதக் குழந்தைக்கு ரத்தக் கசிவு பார்க்க அதுவே முதல் கருவி. ஆனால் மூளையின் வெண்பொருளில் வரும் நீர்க்கட்டிகள் 2 முதல் 4 வாரம் கழித்தே தெரியும் என்பதால், முதல் வாரத்தில் எடுத்ததோடு நிறுத்தக் கூடாது. நான்காவது வாரத்திலும், முதலில் குறித்திருந்த பிரசவத் தேதி நெருங்கும்போதும் மறுபடி பார்க்க வேண்டும். நிறைமாதத்தில் மூச்சுத் திணறிய குழந்தைக்கு மூளையின் மேற்புறணிக் காயம் இதில் தப்பிவிடும். சி.டி. ஸ்கேன் எடுப்பது, எம்.ஆர்.ஐ.க்கு வழியே இல்லாமல் ரத்தக் கசிவு அவசரம் என்றால் மட்டும்.

எம்.ஆர்.ஐ. அறையில் நடக்கும் பிசகுகளைத் தனியே சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கான செட்டிங்கிலேயே குழந்தையையும் எடுத்துவிடுவது முதல் பிசகு. பச்சிளம் மூளையில் நீர் அதிகம். பெரியவர்களுக்குக் கைகொடுக்கும் 'ஃப்ளேர்' என்ற படவரிசை இங்கே பெரிதாக உதவாது, டி2-வில் நேர அளவுகளைக் கூட்ட வேண்டும். 5 மி.மீ. தடிமனில் வெட்டினால் சின்னக் காயம் நழுவிவிடும், 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியதாக வேண்டும். பெரியவர்களின் தலைக்கான 'காயில்' (உடலிலிருந்து வரும் சிக்னலை வாங்கும் கூடு) உள்ளே குழந்தைத் தலையை வைத்தால் படம் புள்ளி புள்ளியாக வரும். குழந்தைக் காயில் இல்லாத இடத்தில் முழங்கால் காயில் பொருத்தமாக அமைவதுண்டு.

மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. தானாக மூச்சுவிட்டுப் பால் குடிக்கும் குழந்தை என்றால், ஒரு வேளைப் பாலைச் சற்றுத் தள்ளி, ஸ்கேனுக்கு அரை மணி முன் வயிறு நிறையக் கொடுத்து, பருத்தித் துணியில் கை கால் அசையாமல் சுற்றினால் தூங்கிவிடும். அதற்கு முன் அப்பத்தா கட்டிய அரைஞாணில் வெள்ளிக் காசு, தாயத்து, கைக்காப்பு, துணியில் குத்திய ஊக்கு, சட்டையின் உலோகப் பொத்தான் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். படம் எடுக்காத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். வசம்பு வளையத்தையும் விடாமல் பாருங்கள், மணி கோத்தது கம்பியாக இருக்கலாம். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுக்கு நுரைப்பஞ்சு அடைப்பான், அதன் மேல் உறை. எம்.ஆர்.ஐ.க்கென்றே உள்ள ஆக்சிஜன் அளவுமானிதான் ஆகும், அதன் ஒயர் சுருண்டு தோலில் படிந்தால் சுட்டுவிடும். அந்த அறை குளிர்ந்தது. உள்ளே போகும்போதும் வெளியே வந்ததும் உடல் வெப்பம் பார்த்துக் குறிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் தேட வேண்டிய இடம் ஒன்று உண்டு. மூளையிலிருந்து கை கால்களுக்கு இறங்கும் நரம்புக் கற்றை, 'இன்டர்னல் காப்சூல்' என்ற பகுதியின் பின்பாதி வழியாகப் போகிறது. நிறைமாதக் குழந்தைக்கு டி1 படத்தில் அங்கே வெள்ளைக் கீற்று ஒன்று தெரிய வேண்டும். அது காணாமல் போய், பக்கத்தில் மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸும் பேசல் கேங்க்லியாவும் பாதிக்கப்பட்டிருந்தால், பின்னாளில் நடை, கை அசைவு பாதிக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் 34 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கீற்று இன்னும் உருவாகியே இருக்காது. கர்ப்பகால வாரம் தெரியாமல் படிக்கிறவர் அதைக் காயம் என்று எழுதிவிடலாம். காயம் எங்கே இருக்கிறது என்பதிலும் காரணம் தெரியும்: ரத்தச் சர்க்கரை இறங்கியதால் வருவது பெரும்பாலும் பின்மண்டைப் பக்கம், மஞ்சள் காமாலை முற்றியதால் வருவது பேசல் கேங்க்லியாவின் ஒரு பகுதியான குளோபஸ் பாலிடஸில். ரெஃபரல் சீட்டில் சர்க்கரை, பிலிருபின் (காமாலையைக் காட்டும் ரத்த அளவு) அளவுகளை எழுதாமல் அனுப்பினால் படத்தைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படமெடுத்து, சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்கார டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் நம் பக்கம் அதிகம். அப்படி அனுப்பியதில் டிஃப்யூஷனைப் படிக்கவே முடியாது. ஸ்கேன் மையத்தில் முழுப் படத்தொகுப்பையும் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கி, அதை அனுப்புங்கள். மதுரைக்கு 2 மணி நேரம் குழந்தையைத் தூக்கிப்போய் மறுபடி ஸ்கேன் எடுக்கும் அலைச்சலும் மிச்சம்.

படம் நார்மல் என்றாலும் 3 மாதத்தில் கை கால் அசைவுப் பரிசோதனை, செவித்திறன் சோதனை, கண் சோதனை மூன்றையும் விடக் கூடாது. அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தில் இவற்றுக்கு வழி உண்டு.

இப்போதைக்கு நம் வட்டார ஸ்கேன் மையங்களிடம் கேட்பது ஒன்றுதான், அதற்குக் காசும் செலவில்லை. ரிப்போர்ட்டின் தலைப்பில் பெயருக்குக் கீழே மூன்று கட்டங்கள் அச்சிடுங்கள்: பிறந்த தேதியும் நேரமும், கர்ப்பகால வாரம், ஸ்கேன் அன்று குழந்தையின் வயது நாள் கணக்கில். மூன்றும் நிரம்பாத சீட்டோடு வரும் குழந்தையை மேசையில் ஏற்றுமுன், அனுப்பிய மருத்துவமனைக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரிவோர் சிலர்,
காரைக்குடி